கல் தேடப் போகிறவர்கள் கவனத்துக்கு

வானத்திலிருந்து கல் விழுவது ஒன்றும் அபூர்வமில்லை. உங்களுக்கு லீவு கிடைக்கிற வாரத்தில், உங்கள் கார் போகக்கூடிய ஊரில் அது விழுவதுதான் அபூர்வம். அந்த யோகம் எனக்கு ஒருமுறை அடித்தது. பங்குனி மாதம், ராத்திரி எட்டரை மணி. மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த என் நண்பரின் வழுக்கைத் தலை திடீரென்று பச்சையாக மின்னியது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு தீப்பந்தம் தெற்கே சாய்ந்து அணைந்துபோனது. நண்பர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். "கெளம்புடா" என்றார். காருக்குச் சொந்தக்காரர் என்ற ஒரே தகுதியில் மூன்றாவது நண்பரும் சேர்ந்துகொண்டார். ஆளுக்கு ஒரு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்து நாங்கள் கிளம்ப ஒரு வாரம் ஆனது.

மூன்று நாள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கரிசல் காட்டில் அலைந்தோம். அந்த மூன்று நாளில் செய்த தப்புகளை வரிசையாக எழுதினாலே ஒரு நல்ல வழிகாட்டி தேறும் என்று தோன்றியது. அதுதான் இது.

தேவையான பொருட்கள்

தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், செல்போன், பவர் பேங்க். சீமைக்கருவேல முள் ஏறாத செருப்பு (அப்படி ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை, இருப்பதில் தடிமனானதைப் போட்டுக்கொள்ளவும்). ஊசியும் சேஃப்டி பின்னும், மேற்படி முள்ளை எடுக்க. அலுமினியத் தாள், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, கையுறை, அளவுகோல். நாய்களுக்காக இரண்டு பாக்கெட் பிஸ்கட். கடைசியாக, வீட்டில் நம்பும்படியான ஒரு காரணம்.

படி 1: "எங்கே விழுந்தது?" என்று கேட்காதீர்கள்

கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். ஒருவர் தன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் விழுந்தது என்றார். ஒருவர் கண்மாய்க்குள் என்றார். ஒரு கண்டக்டர், பஸ்ஸுக்கு முன்னால் நூறு அடியில் விழுந்ததாகவும் டிரைவர் பிரேக் போட்டதால்தான் நாற்பது உயிர் பிழைத்ததாகவும் சொன்னார். யாரும் பொய் சொல்லவில்லை. இருட்டில் வெளிச்சத்தின் தூரத்தைக் கண்ணால் அளக்க முடியாது. தென்னைமரத்துக்குப் பின்னால் மறைந்த தீப்பந்தம் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கும். ஆனால் நூறு, இருநூறு கிலோமீட்டர் அந்தப் பக்கம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. "அப்போ எங்கே நின்னீங்க? அங்கேயே வந்து நில்லுங்க. கையை நீட்டிக் காட்டுங்க." அந்தக் கையின் திசையைச் செல்போன் காம்பஸில் பார்த்து வரைபடத்தில் ஒரு கோடு போட வேண்டும். பத்து இருபது மைல் தள்ளி இன்னொரு ஊரில் இன்னொரு கோடு. கோடுகள் வெட்டுகிற இடத்துக்கு மேலே வானத்தில்தான் அது அணைந்திருக்கிறது. சத்தம் கேட்டதா, வெளிச்சத்துக்கு எவ்வளவு நேரம் கழித்து என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். ஒன்றரை நிமிடம் கழித்து 'டமார்' என்றால் சுமார் முப்பது கிலோமீட்டர்.

நாங்கள் பதினோரு பேரிடம் கோடு வாங்கினோம். பத்துக் கோடுகள் ஓரளவு கூடி வந்தன. பதினொன்றாவது மட்டும் மன்னார் வளைகுடாவைப் பார்த்துப் போனது. விசாரித்ததில், அவர் கை காட்டியது பங்காளி வீடு இருக்கிற பக்கம். அங்கே விழுந்திருந்தால் தேவலை என்று அவருக்கு ஓர் ஆசை.

படி 2: புகையைத் தேடாதீர்கள்

சினிமாவில் விழும் கல் பூமியைப் பிளந்து, புகைந்து, பக்கத்தில் நிற்கும் கதாநாயகனுக்கு சக்தி கொடுக்கும். நிஜக் கல் ரொம்பச் சாது. தரைக்கு இருபது கிலோமீட்டர் உயரத்திலேயே பெரும்பாலும் அதன் வேகம் அடங்கி வெளிச்சம் அணைந்துவிடுகிறது. அதன்பின் சத்தமில்லாமல், இருட்டில், மணிக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணக் கல்லாகத்தான் வந்து விழுகிறது. வைக்கோல் படப்பைக்கூடக் கொளுத்தாது.

2017 ஜூனில் ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் பக்கத்து முகுந்தபுரா என்ற ஊரின் வயலில் ஒரு கல் விழுந்தது. அது பறித்த குழி, வாழைக்கன்று நடத் தோண்டுகிற குழி அளவுதான். 2022 ஆகஸ்டில் குஜராத்தின் தியோதர் பகுதியில் விழுந்தது ஒரு வேப்பமரத்தின் மேல். மரம் இன்னும் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. விஞ்ஞானிகள் கல்லைப் பற்றி மட்டும்தான் எழுதினார்கள். மிக அரிய வகைக் கல்லாம். அதே வகையில் நம் நாட்டில் அதற்கு முன் விழுந்தது 1852-இல், உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில்.

நம் பக்கமும் சளைத்ததில்லை. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி வட்டாரத்தில் துண்டு துண்டாக விழுந்தது மொத்தம் நூறு கிலோவுக்கு மேல். அதற்கும் முன்னால், 1857 பிப்ரவரி 28 அன்று, அந்தக் கால மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள். சேர்த்து எடைபோட்டால் சுமார் 77 கிலோ. ஊரின் பெயரை வெள்ளைக்காரர்கள் வாயில் நுழைந்தபடி 'பர்னல்லி' என்று எழுதி வைத்துவிட்டார்கள். உலகத்து விண்கல் ஆய்வாளர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆனால் அதைச் சொல்லி டிக்கெட் கேட்டால் எந்தக் கண்டக்டரும் கொடுக்கமாட்டார்.

வானத்தில் உடைந்து சிதறிய கல், நீள்வட்டமான ஒரு பரப்பில் விழும். அதைக் கல்யாண ஊர்வலமாக நினைத்துக்கொள்ளுங்கள். கனத்த ஆட்கள் முன்னால் போய்விடுவார்கள். சின்ன உருப்படிகள் பின்தங்கி, காற்று தள்ளிய பக்கம் ஒதுங்கும். உங்கள் கையில் முதலில் அகப்படுவது சின்னதா பெரியதா என்று தெரிந்தால், அடுத்து முன்னே போவதா பின்னே போவதா என்பதும் தெரிந்துவிடும். எங்களுக்கு முதல் கல்லே அகப்படாததால் இந்தப் பாடத்தின் பயனைச் சோதிக்க முடியவில்லை.

படி 3: டீக்கடையில் உண்மையைச் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தே

வெளியூர்க் கார், மூன்று ஆண்கள், கையில் வரைபடம், கேட்பது வித்தியாசமான ஒரு கல்லை. தமிழ்நாட்டு டீக்கடையில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

"இரிடியம் பார்ட்டியா அண்ணே?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல்.

"இல்லங்க. வானத்துலருந்து விழுந்த கல்லு."

"அதான். அதுலதான இரிடியம் இருக்கும்?"

நண்பருக்கு வந்தது சங்கடம். ஏனென்றால் கடைக்காரர் சொன்னது உண்மை. பூமியின் மேல்தோலில் இருப்பதைவிட விண்கல்லில் இரிடியம் பல மடங்கு அதிகம்தான். டைனோசர்கள் அழிந்த காலத்து மண்படலத்தில் இரிடியம் மிகுந்திருப்பதைக் கண்டுதான், வானிலிருந்து ஒரு பெரும்பாறை வந்து மோதியது என்று 1980-இல் அல்வாரெஸ் குழுவினர் சொன்னார்கள். ஆனால் சாதாரண விண்கல் ஒரு டன் கிடைத்தாலும் அதில் இரிடியம் அரை கிராம் தேறலாம். இதை நண்பர் கரும்பலகை இல்லாத குறை தெரியாமல் விளக்கினார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அரிசியை இழுக்குமா, இழுக்காதா?" என்றார்.

கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், அதற்குக் கோடிக்கணக்கில் விலை என்று சொல்லி ஏமாற்றுகிற கும்பல்கள் நம் ஊர்களில் செய்த சேதம் கொஞ்சமில்லை. அவர்களுக்கு அப்புறம் வந்த நம்மைச் சந்தேகப்படுவது ஊரின் தற்காப்பு. கோபப்படாதீர்கள். இரண்டாவது டீ சொல்லுங்கள். முதல் வேலையாகக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். யார் காட்டில் இறங்கினாலும் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். இவ்வளவு செய்தும், கடை வாசலில் படுத்திருந்த செவலை நாய் ஒன்று மூன்று நாளும் எங்களை நம்பவில்லை. பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் குரைத்தது.

படி 4: காந்தத்தைக் கட்டுப்பாட்டில் வையுங்கள்

பெரும்பாலான விண்கற்களில் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம் உண்டு, காந்தம் பிடிக்கும். அதனால் முதல்முறை தேடப்போகிறவர்கள் எல்லாரும் ஒரு கம்பு நுனியில் காந்தத்தைக் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். நாங்களும் போனோம். முதல் நாள் அறுவடை: ஆணி பதினேழு, பாட்டில் மூடி இருபத்திரண்டு, ஒரு மாட்டு லாடம், டிராக்டரின் ஏதோ ஓர் அங்கம். லாடத்தை நண்பர் வாசலில் அடிக்க எடுத்துக்கொண்டார். இயற்பியல்காரர்தான். "சும்மா கெடக்கட்டுமே" என்றார்.

இதில் யாரும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. விண்கல் என்று சந்தேகம் வந்துவிட்டால் அதன் மேல் காந்தத்தைக் கொண்டுபோகவே கூடாது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியக் குடும்பம் உருவான காலத்துக் காந்தப்புலத்தின் தடம் அந்தக் கல்லுக்குள் மெலிதாகப் பதிந்திருக்கலாம். நீங்கள் ஐம்பது ரூபாய்க் காந்தத்தை ஒட்டிப் பார்த்த நொடியில் அது அழிந்துபோகும். கல் உண்மையா என்று சோதிக்கப்போய் அது வைத்திருந்த சாட்சியத்தைக் கலைத்துவிடுவோம்.

படி 5: கல் அல்லாதவற்றைக் கழியுங்கள்

புதிதாக விழுந்த கல்லின் மேல் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் இருக்கும். தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அடுப்புக்கரி ஏறிய சட்டியின் அடிப்பக்கம் மாதிரி மங்கலான கறுப்பு. பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியது போன்ற குழிகள் இருக்கலாம். எங்காவது பெயர்ந்திருந்தால் உள்ளே பெரும்பாலும் சிமெண்ட் நிறம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம்.

இத்தனையும் கேட்டுக்கொண்டு குனிந்தால், காட்டில் கறுப்பாகக் கிடக்கிற எல்லாமே விண்கல்லாகத் தெரியும். எங்கள் பையில் சேர்ந்தவை: கரிமூட்டம் போட்ட இடத்திலிருந்து உருண்டு வந்த கரித்துண்டு, தீயில் வெந்த பனங்கொட்டை, ரயில்பாதை ஜல்லி (அங்கிருந்து தண்டவாளம் வெகுதூரம், எப்படி வந்தது என்பது இன்றுவரை புதிர்), கைப்பிடி அளவு ஆட்டுப்புழுக்கை. கடைசியதைப் பற்றி ஏளனம் வேண்டாம். வெயிலில் காய்ந்து மினுங்குகிற ஆட்டுப்புழுக்கையையும் விரல்நுனி அளவு விண்கல்லையும் நின்ற இடத்திலிருந்து வித்தியாசம் காண்பது கஷ்டம். குனிந்து எடுத்தபின் கஷ்டமில்லை.

பெரிய ஏமாற்றுக்காரன் இரும்புக் கசடு. தமிழ்நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் ஊராக இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கொடுமணல் போன்ற இடங்களில் தோண்டியபோது உலைகளோடு கசடும் வந்தது. கறுப்பு, கனம், உருகி வழிந்த தோற்றம் என்று பார்த்தவுடன் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். திருப்பிப் பாருங்கள். ஆப்பத்தில் இருப்பதுபோலத் துளைகள் இருந்தால் அது வானத்திலிருந்து வந்ததில்லை, யாரோ ஒரு கொல்லரின் உலையிலிருந்து வந்தது. இன்னொரு சோதனை: தரையில் பதிக்கிற டைல்ஸின் பின்பக்கத்தில் உரசுங்கள். செங்காவிக் கோடு விழுந்தால் அது பூமியின் இரும்புத்தாது.

நாங்கள் இரண்டாம் நாள் முழுக்கக் கொண்டாடிய கல் ஆப்பக்கல்தான். கார் வைத்திருந்த நண்பர் அதற்குத் தன் மகள் பெயரைக்கூட வைத்துவிட்டார்.

படி 6: வரிசையாக நடங்கள்

2008 அக்டோபரில் ஒரு சிறுகோளை, அது பூமியில் மோதுவதற்குச் சுமார் இருபது மணி நேரம் முன்பே வானியலாளர்கள் பார்த்துவிட்டார்கள். அது சூடானின் பாலைவனத்துக்கு மேல் வெடித்துச் சிதறியது. பீட்டர் ஜென்னிஸ்கென்ஸ் என்ற வானியலாளரும் கார்த்தூம் பல்கலைக்கழகத்தின் முவாவியா ஷதாதும் மாணவர்களைக் கூட்டிப்போய், கைக்கு எட்டாத இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, மணலில் நடக்கவிட்டார்கள். எந்திரம் ஒன்றுமில்லை. நாற்று நடுகிற மாதிரி, வரிசை கலையாமல் ஒரு நடை. போகப் போக அறுநூறு துண்டுகள் வரை கிடைத்தன. அந்தக் கற்களுக்கு 'அல்மஹாதா சித்தா' என்று பெயர். ஆறாம் எண் ரயில் நிலையம் என்று அர்த்தம். பக்கத்தில் அடையாளம் சொல்ல வேறு எதுவும் இல்லை.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேர் நடந்தால் அது வரிசை ஆகாது, வாக்கிங் ஆகும். ஒருவர் நிழல் தேடுவார், ஒருவர் முள் எடுப்பார், மூன்றாமவர் சிக்னல் தேடுவார். பங்குனி வெயிலில் கரிசல் மண், கை உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. கல் அந்த வெடிப்புக்குள் போயிருந்தால் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. அப்புறம் ஒவ்வொரு வெடிப்புக்கும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

படி 7: வீட்டு வாசல்களைப் பாருங்கள்

விண்கல் தேடுவதையே பிழைப்பாக்கிக்கொண்ட முதல் ஆட்களில் ஒருவர் அமெரிக்காவின் ஹார்வி நினிங்கர். கான்சாஸில் கல்லூரி ஆசிரியர். 1923-இல் ஒரு தீப்பந்தத்தைப் பார்த்தார். சில ஆண்டுகளில் வேலையையே விட்டுவிட்டார். அவர் காட்டில் அலைந்ததைவிட ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களில் பேசியதுதான் அதிகம். ஒரு மாதிரிக் கல்லைக் காட்டி, "இப்படி ஒன்று உங்கள் வீட்டில் கிடக்கிறதா?" என்று கேட்பார். கிடந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்தும், பீப்பாய் மூடிக்குப் பாரம் வைத்தும் கிடந்தது.

அதே கான்சாஸில், அவருக்கும் முந்தி 1880-களில், ஒரு விவசாயியின் மனைவி நிலத்தில் கிடந்த கறுப்புக் கற்களை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் குவித்து வைத்தார். கணவர் உட்பட ஊரே சிரித்தது. அந்த அம்மாள் அசராமல் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1890-இல் ஒரு பேராசிரியர் வந்து பார்த்து விலை கொடுத்து வாங்கிப்போனார். அதன்பின் கணவர் சிரித்ததாகத் தகவல் இல்லை. மிச்சிகனில் ஒரு வீட்டில் முப்பது வருடம் கதவு தாங்கிய பத்துக் கிலோ கல், 2018-இல்தான் விண்கல் என்று தெரிந்தது.

எனவே அம்மி, ஆட்டுக்கல், துவைக்கிற கல், ஊறுகாய்ச் சட்டியின் மேல் பாரம் என்று எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். ஆனால் மெதுவாக. அடுத்தவர் வீட்டு அம்மியைக் கையில் தூக்கிப் பார்ப்பது விஞ்ஞானம் என்று அந்த வீட்டம்மாளுக்குப் புரிய வைப்பதற்குள், படி 3-க்குத் திரும்பப் போகவேண்டி வரும்.

படி 8: கிடைத்துவிட்டால்

கழுவாதீர்கள். தண்ணீர் பட்டால் உள்ளிருக்கும் உலோகம் துருப்பிடிக்கும். விபூதி, சந்தனம், குங்குமம் வேண்டாம். இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. 1492-இல் என்சிஸ்ஹைம் என்ற ஊரில் கல் விழுந்தபோது மாக்சிமிலியன் மன்னரே வந்து பார்த்து, நல்ல சகுனம் என்று சொல்லி, மாதா கோயிலில் வைக்கச் சொல்லிவிட்டார். ஆளாளுக்கு ஒரு சில்லு பெயர்த்தது போக மிச்சம் இன்றும் இருக்கிறது.

உடைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடப்போன ஒருவருக்கு 2015-இல் பதினேழு கிலோக் கல் கிடைத்தது. உள்ளே தங்கம் இருக்கும் என்று ரம்பம், டிரில், சம்மட்டி, அமிலம் வரை பார்த்தார். கல் மசியவில்லை. கடைசியில் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிப்போனார். தங்கத்தைவிட அரிய பொருளை வருடக்கணக்கில் சம்மட்டியால் அடித்திருக்கிறோம் என்று அங்கேதான் தெரிந்தது.

கிடந்த இடத்திலேயே அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறியுங்கள். கையுறையோடு எடுத்து அலுமினியத் தாளில் சுற்றிப் பையில் போடுங்கள். அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் விழும் கற்களைச் சேர்த்துப் பாதுகாப்பது இந்தியப் புவியியல் ஆய்வு மையம். அந்தச் சேமிப்பு கொல்கத்தாவில் இருக்கிறது.

படி 9: ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள்

நியாயமாக இதைப் படி 1 ஆகப் போட்டிருக்க வேண்டும். நாங்கள் மூன்றாம் நாள் சாயங்காலம்தான் செய்தோம். அதுவும் நாங்களாகச் செய்யவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அக்கா எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மூணு நாளாப் பாக்குறேன். என்னத்தத் தேடுறீக?"

"கல்லுக்கா."

அவர் சிரித்த சிரிப்பில் ஆடுகளே திரும்பிப் பார்த்தன. "கரிசக்காட்டுல ஏது தம்பி கல்லு? எங்க வீட்டு அம்மியே வெளியூர்லருந்து வண்டி கட்டி வந்தது."

நண்பர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். 1969-இல் ஜப்பானியர்கள் அண்டார்டிகாவின் யமாட்டோ மலைப்பக்கம் பனிமேல் ஒன்பது கற்களை எடுத்ததையும், அதற்குப்பின் உலகத்து விண்கல் வேட்டையே அங்கே போனதையும் அவர் வகுப்பில் வருடா வருடம் நடத்துகிறார். பனியின் மேல் கல் கிடந்தால் அது எங்கிருந்தோ வந்த கல். கரிசல் மேலும் அப்படித்தான். இந்தக் காட்டில் எது அசலூர்க் கல் என்று சொல்ல, இந்தக் காட்டை அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஆள் வேண்டும். நாங்கள் மூவரும், நாங்கள் தேடிய கல்லைப் போலவே, அசலூர்.

"அன்னிக்கு ராத்திரி பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சுச்சுல்ல? மறுநா காலையில ஒண்ணு கெடந்துச்சு" என்றார் அக்கா. "கன்னங்கரேல்னு, கைக்கு அடக்கமா. தூக்கினா இரும்பாட்டம் கனம்."

மூன்று பேரும் ஒரே குரலில்: "எங்கக்கா அது?"

"அந்த நேரம் பாத்து அந்தச் செவல நாயி குட்டியக் கவ்வ வந்துச்சு. விட்டேன் ஒரு எறி." அவர் கை, தொடுவானம் வரை மண்டிக்கிடந்த சீமைக்கருவேலங்காட்டைக் காட்டியது. "அதுக்கப்புறம் நாயி இந்தப் பக்கமே வாரதில்ல."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். ஆயுசில் ஒருநாள் அக்காவுக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைத்திருக்கிறது.

இருட்டுகிற நேரத்தில் டீக்கடைக்குத் திரும்பினோம். செவலை எழுந்து நின்று, பின்னால் நகர்ந்துகொண்டே, தொண்டை கிழியக் குரைத்தது. அந்தக் கல் எங்கே போய் விழுந்தது என்று தெரிந்த ஒரே சாட்சி அதுதான். மீதியிருந்த பிஸ்கட்டைப் பாக்கெட்டோடு நீட்டினோம். வரவில்லை. மூன்று நாளாகப் பை நிறையக் கல்லோடு திரிகிற மூன்று பேரை அது எப்படி நம்பும்?